சமையல் கேள்விகள்

கேள்வி கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். கல்முனையிலும் அக்கம்பக்கத்திலும் கருத்துக்கணிப்பு, சமூக ஆய்வு என்று வீடு வீடாகப் போய் நரைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

கணவனிடம் அடிபடும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. பெண்ணிடம் தனியாகத்தான் கேட்க வேண்டும். இடையில் ஆண் எவராவது வந்தால் உடனே சமையலைப் பற்றிய கேள்விகளுக்கு மாறிவிட வேண்டும். பிறகு யார் விசாரித்தாலும் சமையலைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று சொல்லும்படி அந்தப் பெண்ணுக்கும் சொல்லிவைக்க வேண்டும். இதையெல்லாம் எங்கள் குழுவுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆலையடிவேம்பிலிருந்து வேலைக்கு வரும் சுலக்சனா, கடற்கரைப் பக்கம் தான் சந்தித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். வாசலில் பச்சைக் கேற் போட்ட வீடு. கையில் சூட்டுத் தழும்பு.

"அவட அண்ணாட்டயும் சொன்னாவாம் சேர். 'புள்ளையள் இருக்கு, பொறுத்துப் போ' எண்டாராம். நல்ல அண்ணன்தான், என்ன சேர்?"

அது என் தங்கை றுஸ்னாவின் வீடு. அந்த வார்த்தைகள் என்னுடையவை. சுலக்சனாவுக்குத் தெரியாது. தெரிந்துவிடுமோ என்று பயந்தேன்.

எடுத்த பேட்டிகளில் சிலவற்றை மறுபடி போய்ச் சரிபார்ப்பது என் பொறுப்பு. சொந்தக்காரர் வீட்டுக்கு நான் போகக்கூடாது. போனேன். அவள் கணவன், மச்சான் நௌசாத், வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போனேன்.

"வாங்க மச்சான். எங்கட வோட்டு ஆருக்கெண்டு கேக்க வந்தீங்களா?" என்று அவன் சிரித்தான்.

நான் றுஸ்னாவைப் பார்த்தேன். "ஒரு புள்ள வந்து கேள்வி கேட்டிச்சா?"

"ஓம் காக்கா. சமையலப் பத்தித்தான் கேட்டிச்சு."

அவள் கண்கள் என்னிடம் கெஞ்சின. தேத்தண்ணிக் கோப்பையை என் முன்னால் வைத்தாள்.

"இல்லயே தங்கச்சி. புருசன் அடிக்கிறதப் பத்தியெல்லோ கேட்டது. நீயும் எல்லாத்தையும் சொல்லியிருக்காய்."

நௌசாத் சிரிப்பை நிறுத்தவில்லை. "அப்பிடியா," என்றான். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன். அவன் வெட்கப்பட்டுத் திருந்தட்டும் என்றுதான் சொன்னேன்.

அந்தக் கிழமை முடியுமுன்பே அவள் அடுப்படியில் தீப்பட்டு மௌத்தானாள். ஆஸ்பத்திரியில் பொலிஸார் என்னை விசாரித்தபோது நௌசாத்தின் கை என் தோளில் இருந்தது.

"சமைக்கக்குள்ள நடந்த விபத்து சேர்," என்றேன்.

இப்போதெல்லாம் யாராவது கேற்றைத் தட்டினால் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளேயே இருக்கிறேன். ஆனால் ஆய்வறிக்கையில் றுஸ்னாவின் பதில் எதையும் நான் மாற்றவில்லை. சொன்னது சொன்னபடியே இருக்கிறது. கூடப்பிறந்தவனாக அவளுக்கு அதையாவது சரியாகச் செய்தேன்.