இருபத்தாறு தட்டு

காபிக்கு நன்றி, ஷெரீஃப். எனக்குச் சர்க்கரை வேண்டாம். அக்டோபரில் விழும் முதல் பனிக்கும் நாங்கள் சர்க்கரை என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். வடக்குச் சரிவில் வெயில் படாமல் வாரக்கணக்கில் கிடந்து, ஒன்றோடொன்று ஒட்டாத மணிமணியாக மாறிவிடும். நவம்பரில் அதன்மேல் புதுப்பனி கனமாகப் படியும். மேலே மெத்தை போலிருக்கும். அடியில் பிடிமானமே கிடையாது.

இந்த மலைக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை எழுதுவது பதினான்கு வருடமாக என் வேலை. என் நண்பன் கார்பினும் நானும் அத்தனை வருடமும் சேர்ந்தே பனிச்சறுக்குக்குப் போனோம். நான் திரும்பலாம் என்றால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிடுவான். மாலையில் மதுக்கடையில்தான் கேலியை ஆரம்பிப்பான்.

“வழி விடுங்கப்பா, நம்ம ஜோசியக்காரர் வர்றாரு. ஏன் சாமி, இன்னைக்கும் மலை விழும்னீங்க, அது குத்துக்கல்லாட்டம் அங்கயேதான நிக்குது?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எரியும். நாளடைவில் என் எச்சரிக்கையை யாரும் படிப்பதே இல்லை என்றாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை வடக்குச் சரிவின் உச்சியில், ஓரமாகக் குழி வெட்டினேன். பனியில் ஒரு தூணைச் செதுக்கி, அதன் தலையில் மண்வாரியை வைத்துக் கையால் தட்ட வேண்டும். மணிக்கட்டிலிருந்து பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. சீக்கிரம் உடைந்தால் ஆபத்து. நான்காவது தட்டில் உடைந்து, அடியிலிருந்து சர்க்கரை கொட்டியது.

கார்பின் எனக்கு முதுகைக் காட்டி நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவன் ஒருநாளும் குழியை எட்டிப் பார்த்ததில்லை. நான் மேலும் இருபத்திரண்டு தடவை வெறும் பனியைத் தட்டினேன். சத்தம் அவன் காதில் விழ வேண்டுமே.

“எத்தனைடா?”

“இருபத்தாறு.”

“அட, உன் வாயிலருந்தா இது! அப்போ முதல்ல யாரு இறங்குறது?”

“நீதான்டா. போ.”

என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினான். மூன்றாவது வளைவில் அவன் காலடியில் தொம் என்றொரு சத்தம் கேட்டது. சரிவு முழுவதும் ஒரே பாளமாகக் கழன்றது. அவன் என் பெயரைச் சொல்லித்தான் கத்தினான்.

நீங்கள் கேட்பது நான் அங்கே எடுத்த படங்களில் பதிவாகியிருக்கும் நேரத்தைப் பற்றி. ஆமாம், முதலில் உடைந்த விளிம்பைத்தான் அளந்தேன். எழுபத்தொரு சென்டிமீட்டர். வெயில் ஏறினால் விளிம்பு மழுங்கிவிடும். பதினான்கு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் ஆதாரம் அது. இருபது நிமிடம் ஆயிற்று. பனிக்குள் புதைந்தவருக்கு உயிர் தங்குவது கால் மணி நேரம்தான் என்று ஊருக்குப் பாடம் எடுப்பவனும் நான்தான்.

அதன் பிறகு கீழே இறங்கித் தேடினேன். புதைந்த இடத்தைக் காட்ட அவன் மார்பில் கட்டியிருந்த கருவி கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. ஒன்பதே நிமிடத்தில் தோண்டி எடுத்துவிட்டேன். அந்த வேகத்தை உங்கள் மீட்புக் குழுவே பாராட்டியது.

வியாழனுக்குப் பிறகு யாரும் வடக்குச் சரிவுப் பக்கம் போகவில்லை. என் எச்சரிக்கையை இப்போது ஊரே படிக்கிறது. இந்தக் குளிர்காலத்தில் எத்தனை பேர் என்னால் பிழைக்கப் போகிறார்களோ.

கார்பினும் என் பேச்சை நம்பாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பான்.