சாரம் கட்டின சிலிக்காரன்

அருள்நேசன்: …எட்டு, ஒன்பது, பத்து. இஞ்ச வாரும் றோஸ்மலர். மொப்பை வைச்சிட்டு வந்து எண்ணும்.

றோஸ்மலர்: எனக்கு இந்த அறை முழுக்கத் துடைச்சு முடிக்கோணும். பதினொரு மணிக்கு இந்த அறைக்குத் திறப்பு விழா, மேயரும் வாறாராம்… மியூசியத்துக்குக் காவல் நிக்கிறது நீங்கள். நீங்களே எண்ணுங்கோ.

அருள்நேசன்: நான் மூண்டு தரம் எண்ணிப்போட்டன். இந்தச் சிலித் துணியில தைச்சிருக்கிற பொம்மை ஆக்கள் ஒன்பது பேர் எண்டு ஆபீஸ் லிஸ்டில கிடக்கு. துணியில பத்துப் பேர் நிக்கினம்.

றோஸ்மலர்: லிஸ்ட் அடிச்ச பெட்டை பிழையா அடிச்சிருப்பாள்.

அருள்நேசன்: லிஸ்டோட படமும் கிடக்கு. படத்திலயும் ஒன்பது.

றோஸ்மலர்: அப்ப… படம் எடுத்தாப் பிறகு ஆரும் வந்து நிண்டிருப்பினம்.

அருள்நேசன்: ஓம் ஓம். சிலியில இருந்து நடந்து வந்திருக்கிறாராக்கும்.

றோஸ்மலர்: பகிடி விடாதேங்கோ.

அருள்நேசன்: நான் விடேல்லை, இந்தாள்தான் விடுறார். மற்ற எல்லாருக்கும் கால்சட்டை, பாவாடை. மலைக்குப் பக்கத்தில நிக்கிற இவருக்கு மட்டும் இடுப்பில என்னது?

றோஸ்மலர்: அது… அவையின்ர ஊர் உடுப்பாயிருக்கும்.

அருள்நேசன்: நீலக் கட்டம் போட்ட சாரம், றோஸ்மலர். முழங்காலுக்கு மேல மடிச்சு வேற கட்டியிருக்கிறார். சிலியில ஆர் சாரத்தை மடிச்சுக் கட்டுறது?

றோஸ்மலர்: குளிரில்லாத இடமாக்கும்.

அருள்நேசன்: பின்னால பனி மலையெல்லோ தைச்சுக் கிடக்கு! பத்தரைக்குக் கண்ணாடி பூட்ட ஆக்கள் வருவினம். பூட்டினாப் பிறகு ஒருத்தரும் கை வைக்கேலாது. அதுக்குள்ள சொல்லும்.

றோஸ்மலர்: என்னத்தைச் சொல்ல… இந்த அறையை நடத்திற சிலிக்காரி மர்சேலாதானே துணியைக் கொண்டு வந்து தந்தவ. தாய் மனிசி சந்தியாகோவில இருந்து அனுப்பினது, ஒரு மூலையைப் பூச்சி அரிச்சுப்போட்டுது. நீ நல்லா ப்ளவுஸ் தைக்கிறனீ, இதைப் பொத்தித் தா எண்டவ.

அருள்நேசன்: ஓட்டையைப் பொத்தச் சொன்னவ. ஆளை நிப்பாட்டச் சொன்னவவோ?

றோஸ்மலர்: கேளுங்கோவன்! எந்தத் துணி வைச்சுப் பொத்த எண்டு நான் கேட்டன். அப்பதான் சொன்னா… அங்க ஆமி பிடிச்சுக்கொண்டு போய்க் காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் கூடியிருந்து தைச்சதாம். ஒவ்வொரு தாயும் தன்ர பிள்ளை உடுத்ததை வெட்டித்தான் தைச்சவவாம். கீழ நூலால எழுதியிருக்கிறதும் அதுதானாம், 'எங்கே அவர்கள்' எண்டு. இவ்வளவையும் சொல்லிப்போட்டு ஊசியை என்ர கையில தந்தா… நான் என்ன செய்ய? என்னையும் அப்பிடித்தான் தைக்கச் சொல்லுறா எண்டு விளங்கிச்சுது.

அருள்நேசன்: இந்த ஒரு அறைக்கு மர்சேலா கவுன்சிலோட மூண்டு வருசம் மல்லுக்கட்டினவ. உமக்குத் தெரியும்தானே?

றோஸ்மலர்: எனக்குத் தெரியாமலோ? அவ கீழ நடத்திற சனிக்கிழமைப் பள்ளிக்கூடம் முடியக் கூட்டித் துடைக்கிறது ஆர்? கொலம்பியாப் பிள்ளையள், பெரு நாட்டுப் பிள்ளையள், எல்லாரையும் பேர் சொல்லித் தெரியும். அங்க பாருங்கோ, அந்தச் சுவர்ப் படத்தில பாலத்துக்குப் பக்கத்தில நிக்கிற எஞ்சினியரை. இஞ்ச லண்டனில ஆபீஸ் கூட்டுறார், என்னைப் போல. போன கிழமை படம் மாட்டேக்க அவரின்ர மகள் அந்தப் படத்துக்கு முன்னால நிண்டு, "இது எங்கட பப்பா, இந்தப் பாலம் அவர் கட்டினது" எண்டு தன்ர வெள்ளைக்கார ரீச்சருக்குக் காட்டுறாள்… எனக்குக் கண்ணெல்லாம் கலங்கிப் போச்சு. மியூசியத்துக்கு வாற பிள்ளை தன்ர ஆக்களை அங்க காணோணும் எண்டு மர்சேலா சொல்லுறது அதுதான்.

அருள்நேசன்: அப்பிடிப்பட்ட இடத்தில கள்ளப் பொம்மை ஒண்டு நிக்குது எண்டு ஆரும் பேப்பர்க்காரன் எழுதினானெண்டா? அவையின்ர சாமான் முழுக்கப் பொய் எண்டெல்லோ சொல்லுவாங்கள்.

றோஸ்மலர்: கள்ளப் பொம்மை எண்டு சொல்லாதேங்கோ!

அருள்நேசன்: அப்ப ஆர் அது? பேர் இல்லையோ அவருக்கு?

றோஸ்மலர்: பேர் சொல்லக்கூடாது எண்டது நீங்கள்தானே… லண்டனுக்கு வந்த முதல் நவம்பர், ஆத்துமாக்கள் பூசைக்கு எல்லாரும் செத்தவையின்ர பேரை எழுதிக் குடுக்கேக்க நானும் பேனையை எடுத்தன். பறிச்சுப்போட்டீங்கள். பிள்ளை வருவான், அவனைச் செத்தவையோட சேர்க்காதையும் எண்டனீங்கள். நான் சரி எண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் அண்டைக்கெண்டு உங்களுக்கு ஓவர்டைம். நான் தனியப் போய்க் கோயிலில கடைசி வாங்கில இருந்திட்டு வருவன்.

அருள்நேசன்: அது…

றோஸ்மலர்: இருங்கோ, சொல்லி முடிக்கிறன். மன்னாரில ரியூசனுக்குப் போன பிள்ளையை ஆமிக்காரங்கள் றவுண்டப்பில பிடிச்சு ஏத்தினாங்கள். ஆறு வருசம். வீட்டிலயும் அவன்ர பேர் இல்லை, கோயிலிலயும் இல்லை. அவன் நிக்கிறதுக்கு ஒரு இடம் இல்லாமப் போச்சு. இந்தத் துணியில இருக்கிறவையைச் செத்தவை எண்டும் சொல்லேல்லை, உயிரோட இருக்கினம் எண்டும் சொல்லேல்லை. எங்கே எண்டு மட்டும்தான் கேட்டுக் கிடக்கு. அதில ஒரு மூலை காலியாக் கிடந்துது…

அருள்நேசன்: அந்த மூலையில நிக்கிறது ஆர், றோஸ்மலர்?

றோஸ்மலர்: யூட். எங்கட யூட். அவிழ்க்கச் சொன்னா அவிழ்க்கிறன். என்ர வேலை போனாப் போகட்டும், மர்சேலாவுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது. ஆனா அவனை இஞ்ச இருந்து எடுத்தா… எங்க கொண்டுபோய் வைக்கிறது எண்டு நீங்களே சொல்லுங்கோ.

அருள்நேசன்: ஊசி இருக்கோ உம்மட்டை?

றோஸ்மலர்: பையில கிடக்கு. கத்தரிக்கோலும் கிடக்கு.

அருள்நேசன்: கத்தரிக்கோலை ஆர் கேட்டது? அவன்ர இடது கால் கழண்டு தொங்குது. கண்ணாடி பூட்டமுன்னம் இறுக்கித் தையும்.

றோஸ்மலர்: இஞ்சருங்கோ…

அருள்நேசன்: அவசரப்பட்டுத் தைச்சிருக்கிறீர். சாரத்தைக் கட்டம் பிசகாமல் வெட்டியிருக்கிறீர், அது நல்லம்.

றோஸ்மலர்: அது அவன்ர சாரம் எண்டு உங்களுக்கு எப்பிடி…

அருள்நேசன்: சூட்கேசுக்கு அடியில கிடக்கிறதை நீர் மட்டுமோ எடுத்துப் பாக்கிறனீர்? சாரத்தில ஒரு உள்ளங்கை அகலம் குறையுது எண்டு கண்டு ரெண்டு கிழமை. இஞ்ச வந்து பார்த்தா ஐயா மலையடியில நிக்கிறார்.

றோஸ்மலர்: ரெண்டு கிழமையாத் தெரியுமோ! பிறகேன் என்னைப் போட்டு இந்தப் பாடு படுத்தினனீங்கள்?

அருள்நேசன்: அவன்ர பேரை உம்மட வாயால கேக்கோணும் போலக் கிடந்துது… தையும், தையும். அழுதுகொண்டு நூல் கோக்கேலாது. நான் இந்த லேபிளை வாசிக்கிறன்.

றோஸ்மலர்: என்ன லேபிள்?

அருள்நேசன்: கண்ணாடிக்குக் கீழ பூட்டுறது, நேற்றுப் புதுசா அடிச்சவை. இங்கிலீசில கிடக்கு, நான் தமிழில சொல்லுறன். "பத்து உருவங்கள். ஒன்பது, சந்தியாகோவில், 1978. பத்தாவது, லண்டனில், 1992. காணாமல் போன யூட்டின் சாரத்தை வெட்டி அவனுடைய தாய் றோஸ்மலர் தைத்தது."

றோஸ்மலர்: மாதாவே… ஆபீஸ் ஒண்டும் சொல்லேல்லையோ? மர்சேலாவின்ர தாய்?

அருள்நேசன்: மர்சேலா தாய்க்குப் போன் எடுத்துக் கேட்டவ. இடம் காணாட்டி மலையைக் கொஞ்சம் தள்ளிவிடச் சொல்லி மனிசி சொன்னதாம். அதுக்குப் பிறகு ஆபீஸ் என்னத்தைச் சொல்ல?

றோஸ்மலர்: நான் மர்சேலாவுக்கு அவன்ர பேரைச் சொல்லவேயில்லை…

அருள்நேசன்: நான் சொன்னனான்.

றோஸ்மலர்: ஆறு வருசமா வாயில எடுக்காத பேரை… உங்களால எப்பிடிச் சொல்ல ஏலுமாயிருந்துது?

அருள்நேசன்: வாயில எடுக்காமல் இருந்தனான் எண்டு ஆர் சொன்னது? ஓவர்டைம் ஒண்டும் இல்லை, றோஸ்மலர்… டூட்டிங்கில ஒரு கோயில். அவன் வருவான் எண்டு நீராவது நம்பிக்கொண்டிருக்கோணும் எண்டு உமக்கு ஒளிச்சு, ஐஞ்சு நவம்பரும் செத்தவையின்ர லிஸ்டில அவன்ர பேரை நானே எழுதிக் குடுத்தனான். இந்தத் திங்கட்கிழமை ஆத்துமாக்கள் பூசைக்கும் போனன். ஃபாதர் போன வருசக் கொப்பியைப் பார்த்து அவன்ர பேரையும் எழுத வெளிக்கிட்டார்… நான் அவரின்ர கையைப் பிடிச்சு, "வேண்டாம் ஃபாதர், அவனை நாங்கள் இன்னும் தேடுறம்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.