தையல்கார அக்கா வீட்டைத் தொட்டுச் செல்லும் பாதை

அவையின் நடுவே அமர்ந்து அதற்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, நடந்து நடந்து முழங்கால் தேய்ந்தும் நமக்காக இந்தப் படியேறி வந்திருக்கும் பெரியவர்களே, கைவேலையைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கதவோரம் நின்றாலும் காதை இங்கே வைத்திருக்கும் தோழர்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

ஊர்களைக் கோத்துச் செல்லும் நெடுநடைப் பாதைக்குத் திட்டம் தீட்டும் பொறுப்பை என்னிடம் தந்தீர்கள். வரைபடத்தில் கோடு போடுவது எளிது. போட்ட கோட்டைக் காப்பாற்றுவது எளிதா? முடிதிருத்தும் நண்பர் மடக்கினார்: "இவ்வளவு தூரம் நடந்து வர்றவனுக்குத் தாடி வளராதா சார்? என் கடையை விட்டுட்டு எங்க போகும் உங்க பாதை?" சிரிக்காதீர்கள், அவர் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார். ஆளாளுக்கு இழுத்த இழுப்பில் என் கோடு கொடிபோல் வளைந்தது.

ஒரே ஒரு வீடு மட்டும் வேண்டாம் என்றது. மலையடிவாரத்தின் கடைசி வீடு, தையல்கார அக்காவின் வீடு. மலைக்கு ஏறும் வழி அவருடைய கொல்லைப்புறம் வழியாகத்தான் போகிறது. தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னார்: "இந்த வழியா யாரும் மேல போக வேண்டாம் சார். என் தம்பி போனது போதும்."

மலைக்கு அந்தப் பக்கம் ரொட்டிக் கடையில் வேலைக்குச் சேரக் கிளம்பினான் அந்தத் தம்பி. மேலே பனிமூட்டம். வழி இரண்டாகப் பிரியும் இடத்தில் தவறான பக்கம் திரும்பிவிட்டான். போய்ச் சேர்ந்திருப்பான் என்று இங்கே அக்கா நினைத்தார். மனம் மாறி வீட்டிலேயே தங்கிவிட்டான் என்று அங்கே ரொட்டிக் கடைக்காரர் நினைத்தார். இரண்டு பக்கமும் அன்பு இருந்தது, ஐயா. இரண்டு பக்கமும் யாரும் தேடவில்லை. கிடைத்தபோது அவன் உயிரோடு இல்லை.

அதற்குமேல் நான் எப்படி வற்புறுத்துவேன்? கோட்டை மாற்றிப் போட்டுவிட்டுச் சொல்லப் போனேன்.

"லாரி ரோட்டோரமா கொண்டு போயிட்டோம்கா."

இயந்திரம் நின்றது. "லாரி ரோட்லயா? அதுல நடந்தா அடிச்சுப் போட்டுட்டுப் போயிடுவானே." கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "என்னை மேல கூட்டிட்டுப் போறீங்களா? அந்த இடத்தை நான் பார்த்ததே இல்ல."

போனோம். வழி பிரியும் இடத்தில் வெகுநேரம் நின்றார்.

"இங்க போர்டு வைங்க. ஆனா பனியில போர்டு தெரியாது."

"என்னக்கா செய்யலாம்?"

"ஏறுறவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறட்டும். நான் ரொட்டிக் கடைக்கு போன் பண்றேன். அங்க போய்ச் சேர்ந்ததும் அவர் எனக்குச் சொல்லட்டும். இருட்டுறதுக்குள்ள சொல்லலைன்னா ரெண்டு பக்கமும் ஆள் கிளம்பணும்."

முதல் வெள்ளோட்டத்துக்கு ஓர் இளம் தம்பதி ஏறினார்கள். அவர்கள் ஏறிய சற்று நேரத்தில் மலையைப் பனி மூடியது. நான் அக்கா வீட்டில் அமர்ந்திருந்தேன். ஒரு சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்தார். பிரித்தார். திரும்பவும் தலைகீழாகவே தைத்தார். பொழுது சாய்ந்தது. போன் அடித்தது.

"அக்கா, உங்க பிள்ளைங்க வந்துட்டாங்க. சூடா ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்கா."

அந்தச் சட்டையாலேயே முகத்தை மூடிக்கொண்டார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

பெரியோர்களே, தாய்மார்களே, பாதைக்குக் கல் பதிக்கலாம், கம்பம் நடலாம். முகம் தெரியாத ஒருவன் வந்து சேர்ந்தானா என்று கேட்க ஒரு மனம் வேண்டாமா? அவன் வரும்வரை அணையாமல் ஒரு விளக்கு வேண்டாமா? ஊருக்கொரு வீடு கேட்கிறேன். பணம் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. காத்திருக்கும் ஒரு கதவு கேட்கிறேன். கொடுப்பீர்களா? அதோ, கைகள் உயர்கின்றன. என் கண் கலங்குகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு இந்த மேடையில் ஒரு நாற்காலி போட்டிருந்தோம். அவர் வரவில்லை. காலையில் மூன்று பேர் மலையேறியிருக்கிறார்களாம். அவர்கள் இறங்கிவிட்டார்கள் என்று தெரியாமல் அவர் வாசலைவிட்டு நகரமாட்டார்.

பொறுமையோடு செவி கொடுத்த உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. நடக்கப் போகிறவர்களுக்கும், அவர்களுக்காகக் காத்திருக்கப் போகிறவர்களுக்கும் என் வணக்கம்.