கிழிந்த காதுக்கு வயது என்ன?

ரோஸ்வித்தா: ...நாலு வயசா? இந்தக் கிழிஞ்ச காது மானுக்கா? டேய் வெண்டலின், தொலைநோக்கியைத் தலைகீழாப் புடிச்சிருக்கியா?

வெண்டலின்: மெதுவாப் பேசுக்கா. ஓடைக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது. காத்து மாறினா ஓடிரும்.

ரோஸ்வித்தா: கழுத்தைப் பாரு. தடிச்சு, தலை தொங்கி... எட்டு வயசுக்குக் குறையாது.

வெண்டலின்: அக்டோபர் கடைசிக்கா இது. குளிர்கால ரோமம் வந்துட்டா எல்லாக் கிடாவும் தடியாத்தான் தெரியும்.

ரோஸ்வித்தா: மூஞ்சி நரைச்சிருக்கே?

வெண்டலின்: எனக்கு நாப்பதுலயே நரைச்சுது.

ரோஸ்வித்தா: உன்னை யாரும் சுட வரலையேடா!

வெண்டலின்: சின்ன வயசுக் கிடாவைச் சுட்டுட்டா? வசந்தத்துல கொம்பையும் தாடையையும் ஊர் மண்டபத்துல மாட்டி, பல்லைப் பார்த்து வயசு சொல்லி...

ரோஸ்வித்தா: தப்புன்னா சிவப்புப் பொட்டு ஒட்டுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி உனக்கு ஒட்டினாங்களே!

வெண்டலின்: ஊரே பீர் கிளாஸோட வந்து நின்னு பார்த்துச்சு.

ரோஸ்வித்தா: நான்தானே முன்னாடி நின்னு மறைச்சேன்.

வெண்டலின்: ஆமா... உன் உடம்புக்கு நல்லாவே மறைஞ்சுது.

ரோஸ்வித்தா: கொழுப்புடா உனக்கு! சுடு. கிழடும் நோஞ்சானும்தான் முதல்ல போகணும். கிழிஞ்ச காதை இந்த வருஷமே முடிச்சிரணும்னு வேட்டைத் தலைவர் சொல்லிட்டாரு. இன்னையோட சீசன் முடியுது.

வெண்டலின்: முடியட்டுமே.

ரோஸ்வித்தா: நீ விட்டா, நம்ம காட்டுக்கு வேட்டையாட வர்ற அந்த வியன்னாக்காரர் சுட்டுருவாரு.

வெண்டலின்: இந்தப் பரண்லேர்ந்தா? கீழ பலகையில நம்ம பேரு தொங்குது. இருட்டுற வரைக்கும் வேற யாரும் ஏற முடியாது.

ரோஸ்வித்தா: அதுக்குத்தான் விடியறதுக்குள்ள பேரை மாட்டினியா?

வெண்டலின்: ...ரொட்டி வேணுமா?

ரோஸ்வித்தா: பேச்சை மாத்தாதே.

வெண்டலின்: சரி, நான் ஒண்ணு கேக்கறேன். அத்தான் செத்தப்புறம் தினமும் காலையில உன் ஆப்பிள் மரத்தடியில வந்து நிக்கும்னு சொன்னியே... இதுதானே அது?

ரோஸ்வித்தா: இதேதான். ஜன்னலுக்கு உள்ள நான், வெளியில அது. ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

வெண்டலின்: அப்புறமும் சுடச் சொல்றே?

ரோஸ்வித்தா: முறைன்னா முறைதான்.

வெண்டலின்: சரிக்கா. எட்டு வயசுதான். ஒத்துக்கறேன். அந்தத் துப்பாக்கியை எடு.

ரோஸ்வித்தா: நிஜமாவா?

வெண்டலின்: நீதானே காலையிலேர்ந்து நச்சரிக்கிறே.

ரோஸ்வித்தா: இரு... இருடா. எதை வச்சுச் சுடுவே? தோட்டாப் பெட்டி என் மேலங்கிக்குள்ள இருக்கு. நீ வண்டியைப் பூட்டும்போது உன் பையிலேர்ந்து எடுத்துட்டேன்.

வெண்டலின்: அப்போ சுடு சுடுன்னு சொன்னதெல்லாம்?

ரோஸ்வித்தா: உனக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னுதான். திட்டறதுன்னா திட்டிக்கோ, பெட்டியைத் தர மாட்டேன். இந்த ஒரு குளிர்காலமாவது அது வரட்டும். தனியா உக்காந்து சாப்பிட முடியலடா...

வெண்டலின்: அழாதேக்கா. அந்தப் பெட்டியைத் திற. நீ எடுப்பேன்னு எனக்குத் தெரியும்... உள்ள உனக்குப் பிடிச்ச வறுத்த செஸ்நட் கொட்டைதான் இருக்கு. தோட்டாவையெல்லாம் வீட்லயே பூட்டி வச்சுட்டுத்தான் கிளம்பினேன்.