‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லைச் சந்தேகிக்கிறேன்

கலைந்து போகத் துடிக்கும் கூட்டத்தையும் கண்ணசைவில் கட்டிப் போட்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! ஊசி முனையால் உலகத்துக்கு உடுப்புத் தந்துவிட்டு, தங்கள் உடம்பை மட்டும் மறந்துபோன தையல் தோழர்களே! முன்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட மூத்தவர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நம்முடைய முறைப்பையெல்லாம் முகம் சுளிக்காமல் தாங்கிக்கொண்டு, மேடையின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் ஆராய்ச்சிக் குழுவினரே! அனைவருக்கும் இந்தச் சங்கத்துச் செயலாளரின் வணக்கம்.

இவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள்? நம்முடைய ரத்தம் கொஞ்சம் வேண்டுமாம். கழுத்தில் ஓடும் ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டுமாம். இலவசமாம்! வாசலில் நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழாமல் இல்லை. “சும்மா எவனாவது ஸ்கேன் பண்ணுவானா? இதுல ஏதோ இருக்கு.”

ஏதோ இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். சந்தேகத்தில் உங்கள் எல்லோருக்கும் அக்கா நான். கீரைக்கட்டை வாங்கினால் பிரித்துப் பார்ப்பேன். என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘போலீஸ்காரி’. சிரிக்காதீர்கள், பின்வரிசை! உங்கள் வீட்டிலும் ஒரு போலீஸ்காரி இருந்தால் நீங்கள் நீண்ட நாள் வாழ்வீர்கள்!

என் கணவரை உங்களுக்குத் தெரியும். கட்டிங் மாஸ்டர். மேஜை நீளத்துக்குத் துணியை அடுக்கி, கோடு போட்டு, மின்கத்தியை ஓட்டினால், மேல் துணிக்கும் அடித்துணிக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் காலர் வெட்டும்போது கோட்டை விட்டு விலகினார். ஒரு அடுக்கு மொத்தமும் பாழ். இரும்புக் கையுறை போட்டிருந்ததால் விரல் பிழைத்தது.

முதலாளி ஓடி வந்தார். “என்ன மாஸ்டர் இது?”

“ஒரு திரை எறங்குச்சுங்க. இடது கண்ணுல. மேலேருந்து கீழ வரைக்கும். இப்ப சரியாயிடுச்சு.”

“திரையா? நம்ம என்ன சினிமா தியேட்டரா நடத்தறோம்?”

கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். விளக்கடித்துப் பார்த்தார், எழுத்தை வாசிக்கச் சொன்னார். என் கணவர் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று வாசித்துவிட்டார். கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். நல்ல செய்திதானே தோழர்களே? நல்ல செய்தியே மனிதனுக்கு வினையாகுமா? ஆகும்! முதலாளி அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு. அப்போ தெரிஞ்சேதான் வெட்டியிருக்கீங்க. எதிர்க் கம்பெனிக்காரன் உங்ககிட்ட என்ன பேசினான்?”

இத்தனை வருடம் உழைத்த மனிதரைப் பார்த்து இந்தக் கேள்வி! இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். வீடு வந்த என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மனைவி நான் என்ன செய்திருக்க வேண்டும்? அருகில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மெதுவாகக் கிட்டே போய் வாயை மோந்து பார்த்தேன்!

அவர் திரும்பிப் பார்த்தார். “நீயுமா?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

பேசாவிட்டால் விட்டுவிடுவேனா? கவனித்தேன். அவர் போன இடமெல்லாம் என் கண் போயிற்று. ஒரு காலையில் கண்ணாடி முன்னால் முகம் மழித்துக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. கன்னத்தில் நுரை அப்படியே இருக்க, அசையாமல் நின்றார்.

“என்னங்க?”



ஓடிப் போய் எதிரில் நின்றேன். என் உள்ளங்கையால் அவருடைய வலது கண்ணை மூடினேன். “என்னைப் பாருங்க.”

“எங்க நிக்கிற?”

தோழர்களே, என் மூச்சு அவர் முகத்தில் படுகிறது. என் மூக்குக்கும் அவர் மூக்குக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. அவர் கேட்கிறார், எங்கே நிற்கிறாய் என்று! கையை எடுத்தேன், வலது கண்ணுக்குத் தெரிந்தேன். மூடினேன், மறைந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை விலகி, இடது கண்ணுக்கும் என் முகம் வந்தது. “அழறியா?” என்று கேட்டார். பல நாள் கழித்து அவர் என்னிடம் ஆதரவாகப் பேசிய முதல் பேச்சு அது.

அன்றே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே இருந்த பெரிய டாக்டர் விவரமானவர். இது கண்ணின் கோளாறாக இருக்காது, கண்ணுக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்கேன் எடுத்தார். படத்தைப் பார்த்தார். “பாதி அடைப்புதான்மா. ஒண்ணுமில்ல. மாத்திரை சாப்பிடட்டும்.”

ஒன்றுமில்லை! எத்தனை இதமான சொல்! எத்தனை இனிப்பான சொல்! எத்தனை வீடுகளின் விளக்கை ஊதி அணைத்த சொல்!

“ஒண்ணுமில்லன்னா திரை ஏன் டாக்டர் எறங்குது?” என்று கேட்டேன். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கேட்டேன். மறுபடியும் கேட்டேன். கடைசியில், என் தொல்லை தாங்காமல்தான் என்று நினைக்கிறேன், ரத்தக்குழாய் அறுவை செய்யும் டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்.

அதோ, மேடை ஓரத்தில் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார். எனக்கு உடனே குறுகுறுத்தது. அங்கே ஒன்றுமில்லை, இங்கே கத்தி! “ஆபரேஷன் பண்ணினா உங்களுக்கு என்ன கெடைக்கும் டாக்டரம்மா?” என்று முகத்துக்கு நேரே கேட்டேன். என் கணவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. “நல்ல கேள்விம்மா. உக்காருங்க, சொல்றேன். கொழுப்பு குழாயோட சுவருக்குள்ள புகுந்து, தங்கி, கெட்டுப்போகுது. அதைத் தின்னு சுத்தம் பண்ண வெள்ளை அணுக்கள் வருது. அந்த அணுக்களோட மேற்பரப்புல ‘ஏற்பி’ன்னு ஒண்ணு இருக்கு. எதிர்ல வந்தது கிருமியான்னு உரசிப் பாத்துத் தெரிஞ்சுக்கறது அதோட வேலை. கெட்டுப்போன கொழுப்பு உரசினாலும் அது கிருமின்னே எடுத்துக்குது. ஒடனே சண்டை. இன்னும் அணுக்களைக் கூப்பிடுது. அந்தச் சண்டையில, கொழுப்பை மூடியிருக்கிற மெல்லிசான தோலே அரிச்சுப் போயிடுது.”

“அரிச்சா?”

“கிழியும். ரத்தம் அங்க உறையும். அதுலேருந்து துணுக்கு பிச்சுக்கிட்டுப் போகும். கண்ணுக்குப் போச்சுன்னா திரை. மூளைக்குப் போச்சுன்னா பக்கவாதம். அடைப்பு பாதியா, முக்காலாங்கறது மட்டும் முக்கியமில்லம்மா. உள்ள சண்டை நடக்குதாங்கறதும் முக்கியம். இவருக்கு அந்த இடம் கரடுமுரடா தெரியுது. எனக்குச் சந்தேகமா இருக்கு.”

என் இனம்! என்னைப் போல் ஒருத்தி! ஆனாலும் விட்டேனா? “அப்போ அந்த ஏற்பியை ஒரு மருந்து குடுத்து அமுக்கிட வேண்டியதுதானே?”

“அதே ஏற்பிதான் நிஜமான கிருமி வந்தாலும் கண்டுபிடிக்குது. அதை அமுக்கினா கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆயிடலாம். எந்த ஏற்பியை, எவ்வளவு, யாருக்குன்னு… தெரியாதும்மா.”

“தெரியாதா?”

“தெரியாது. தேடிக்கிட்டிருக்கோம்.”

தோழர்களே! முதலாளிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கண் பரிசோதனைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பெரிய டாக்டருக்குத் தெரிந்திருந்தது. வாயை மோந்த எனக்கும் தெரிந்திருந்தது! இத்தனை பேரில், தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் இவர். அந்த ஒரு சொல்லுக்காக, என் வாழ்நாள் சந்தேகத்தை ஒரு ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, “பண்ணுங்க டாக்டரம்மா” என்றேன்.

ஆபரேஷனுக்குக் காத்திருந்தபோது, வார்டிலேயே இன்னொரு முறை திரை இறங்கியது. இந்த முறை முழுதாக விலகவில்லை. இடது கண்ணின் கீழ்ப்பாதி இருட்டாகவே நின்றுவிட்டது. வலது கண்ணை மூடிக்கொண்டு, “தட்டு தெரியல, உன் மொகம் தெரியுது. அது போதும்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாயை மோந்த அன்றைக்கே வலது கண்ணை மூடிப் பார்த்திருந்தால் என்று இன்றும் எண்ணுகிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கழுத்துக் குழாயிலிருந்து எடுத்த அடைப்புத் துண்டை ஆராய்ச்சிக்குத் தர நாங்கள் சம்மதித்திருந்தோம். அதிலும் எனக்குச் சந்தேகம்! எடுத்தது எங்கள் துண்டுதானா, அதில் என்ன பார்க்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டாக்டரம்மா என்னை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப் போய், நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னார். சாயம் ஏற்றியிருந்தார்கள். ஏற்பிகள் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரியுமாம். பார்த்தேன். மூடியிருந்த தோல் ஒரு ஓரத்தில் நூலாக இளைத்து, இளைத்த இடத்திலேயே கிழிந்திருந்தது. கிழிசலைச் சுற்றிப் பழுப்புப் புள்ளிகள்! ஈ மொய்த்தது போல் பழுப்புப் புள்ளிகள்!

இதுவா ஒன்றுமில்லை? இதுவா பாதி? இதுவா என் கணவர் எதிர்க் கம்பெனியிடம் விலைபோன லட்சணம்?

நுண்ணோக்கியில் தெரிந்ததைப் படமாக வாங்கிக்கொண்டு முதலாளி வீட்டுப் படியேறினோம், சங்கம் முழுவதும். முதலாளி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. “மாஸ்டர் நாளைக்கு வரட்டும். கத்தி வேண்டாம், பேட்டர்ன் போடட்டும்” என்றார். இன்று என் கணவர் காகிதத்தில் வடிவம் வரைகிறார். முதலாளி அவருக்குத் தினமும் தன் கையால் டீ கொடுக்கிறாராம். அந்த டீயில் என்ன உள்நோக்கம் என்று நான் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்! கைதட்டுங்கள், தட்டுங்கள், ஆனால் முதலாளி காதில் போட்டுவிடாதீர்கள்!

தாய்மார்களே! உங்கள் சந்தேகத்தைக் கைவிடுங்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. சந்தேகப்படுங்கள்! ஆனால் யாரை? கூடவே படுத்து எழுகிற மனிதரையா? பக்கத்துத் தையல் மெஷின்காரியையா? இல்லை! ஒன்றுமில்லை என்ற சொல்லைச் சந்தேகப்படுங்கள். வந்து வந்து போகிற திரையை, மரத்துப்போய் மீள்கிற கையை, குழறிச் சரியாகிற நாக்கைச் சந்தேகப்படுங்கள். சரியாகிவிட்டதே என்று சும்மா இருக்காதீர்கள், அந்தக் கணமே ஓடுங்கள்!

இந்தக் குழுவையும் சந்தேகப்படுங்கள். நான் பட்டேன். எங்கள் ரத்தம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்று பிறகு சொன்னால் விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். விட்டுவிடுவோம் என்றார்கள். இதனால் எங்களுக்கு நோய் வராமல் தடுத்துவிடுவீர்களா என்றும் கேட்டேன். இல்லை, அந்த வாக்கைத் தர முடியாது, யாருக்கு உள்ளே சண்டை நடக்கிறது என்பதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா என்று தேடுகிறோம் என்றார்கள். பொய் சொல்ல வந்தவர்கள் அந்த இடத்தில்தான் பொய் சொல்லியிருப்பார்கள். அதனால் முதல் ஆளாக நான் கையை நீட்டினேன். இதோ, ஊசி குத்திய இடத்தில் பஞ்சு!

இதுவரை பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த பின்வரிசைக்கு இரட்டை நன்றி. நான் மேடையை விட்டு இறங்கியதும் டாக்டரம்மா, ரத்தம் எடுக்கும் அந்த மேஜைக்கு வருவார். யாரும் முதலில் கையை நீட்டாதீர்கள். முதலில் கேள்வியை நீட்டுங்கள்! கேள்வி கேட்கும் உங்கள் வாய்க்கும், நாளை கண் திறந்து விடியலைக் காணப்போகும் உங்கள் வீட்டாருக்கும் என் வணக்கம்!