ரெண்டு மணிக்குத்தானே

இல்லண்ணே, மேல போக முடியாது. மூணாவது மாடியில ஆளுங்க வேலையா இருக்காங்க, யாரையும் உள்ள விடமாட்டாங்க. உங்க பொண்ணுக்கு இன்டர்வியூ ரெண்டு மணிக்குன்னுதானே உங்ககிட்ட சொன்னாங்க? இப்ப மணி பத்தரைதான் ஆகுது. இப்பவே போய் யார்கிட்ட என்ன சொல்லப்போறீங்க? உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். பிள்ளைங்களைத்தான் அதுல உக்கார வெப்பேன், ஆடுற நாற்காலியில ஆடாம உக்காரப் பழகட்டும்னு. நீங்க இப்படி ஜன்னல் பக்கமா வாங்க.

ஆமா, நான்தான் அது. அந்த மேடம். பொண்ணு மனசைக் கெடுத்தவ. வாசல்ல காவலாளிகிட்ட நீங்க சொன்னது இங்க வரைக்கும் கேட்டுச்சு. பரவால்ல, எனக்கு அதைவிட மோசமான பேரெல்லாம் இருக்கு.

தண்ணி குடிங்க. படியேறி வந்திருக்கீங்க.

என்ன வேலைன்னா... இந்தக் காலேஜ்ல படிப்பை முடிக்கப்போற பிள்ளைங்களை வேலைக்கு அனுப்புற ஆபீஸ் இது. எல்லாப் பிள்ளைங்களுக்கும் இல்ல. எல்லாருக்கும் கீழ ஒண்ணு இருக்கு, கண்ணாடிக் கதவு, ஏசி, பூச்செடி எல்லாம் வெச்சு. இது பின்னாடி ஆள் இல்லாத பிள்ளைங்களுக்கு. வீட்டுல வசதி இல்லாததுங்க, வீடே இல்லாததுங்க, வீடு இருந்தும் போக முடியாததுங்க. உங்க பொண்ணு மூணாவது ரகம். முறைக்காதீங்க, நான் பிரிச்ச ரகம் இல்ல இது. ஃபார்ம்லயே அப்படித்தான் கட்டம் கட்டி வெச்சிருக்காங்க.

நான் ஏன் இந்த ஆபீசுக்கு வந்தேன்னு சொல்றேன், கேளுங்க. என் பையன் படிச்சு முடிச்சான். சுமாராத்தான் படிச்சான், அதை நானே சொல்லணும். ஒருநாள் சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது என் தம்பி, அவனுக்கு மாமா, ஒரு போன் போட்டான். குழம்பு பிசைஞ்ச கையோட பேசுனான். நம்ம பையன்தான், பாத்துக்கங்கன்னான். அவ்வளவுதான், திங்கக்கிழமை வேலைக்குப் போயிட்டான் பையன். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அப்போ நான் கீழ கண்ணாடிக் கதவு ஆபீஸ்ல இருந்தேன். மறுநாள் ஒரு பொண்ணு வந்து நின்னுச்சு. வகுப்புலயே முதல் மார்க்கு. நாப்பத்தொரு இடத்துக்கு எழுதிப்போட்டிருக்கேன் மேடம், நான் என்ன தப்புப் பண்றேன்னு கேட்டுச்சு. என்னன்னு சொல்வேன்? உனக்கு மாமா இல்ல கண்ணு, அதான் நீ பண்ற தப்புன்னா? அன்னைக்கே மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன். இந்த ரூமை யாரும் கேக்கல, அதனால உடனே கிடைச்சிருச்சு.

அதனால இங்க நான்தான் மாமா. நான்தான் சித்தி, பெரியப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாம். மேல்நாட்டுல படிச்ச பெரியப்பா மாதிரி போன்ல குரலை மாத்தி வேற பேசுவேன்.

அது அலமாரிண்ணே. திறந்து பாக்கணுமா, பாருங்க. கோட்டு இருபத்தி மூணு, கறுப்பு ஷூ ஏழு ஜோடி. இன்டர்வியூவுக்குப் போட்டுட்டுப் போயிட்டுத் திருப்பிக் குடுத்துரணும். ஷூ பெருசா இருந்தா முன்னாடி பேப்பரைத் திணிச்சுக்குவாங்க. ஒருத்தன் வேலை கிடைச்ச சந்தோசத்துல பேப்பரோடவே திருப்பிக் குடுத்துட்டான், அதே பேப்பரோட அடுத்தவன் போனான், அவனுக்கும் கிடைச்சிருச்சு. இப்ப அந்தப் பேப்பரை யாரும் எடுக்க விடமாட்டேங்குறாங்க.

என்ன, கைப்பக்கம் தடவிப் பாக்குறீங்க? மடிப்பு எப்படி இருக்கு? நீங்க இஸ்திரித் தொழில்காரர், நீங்களே சொல்லுங்க.

உங்க பொண்ணு தேச்சதுதான். இருபத்தி மூணும். வாரா வாரம் சனிக்கிழமை வந்து தேச்சுட்டுப் போவா. யாரும் கேக்கல. இங்க பிள்ளைங்க அவளை இஸ்திரியக்கான்னுதான் கூப்பிடும். அவ கோட்டைத் தேச்சுக்கிட்டிருக்கும்போதுதான் ஒருநாள் நான் இந்தப் பக்கம் உக்காந்து அவளோட விவரம் எழுதிக்கிட்டிருந்தேன். இதுக்கு முன்னாடி எங்கயாவது வேலை பாத்திருக்கியான்னு கேட்டேன். இல்ல மேடம்னா. யோசிச்சுச் சொல்லுன்னேன். பேக்கரியில நாலு மாசம், மருந்துக் கடையில ரெண்டு மாசம், ரெண்டும் நிலைக்கல, அதை எழுத வேண்டாம்னா. இப்ப என்ன பண்ணிக்கிட்டிருக்கன்னு கேட்டேன். தேச்சுக்கிட்டிருக்கேன்னா. எத்தனை வருஷமான்னேன். பதினோரு வயசுலருந்துன்னா. அப்ப அது என்னன்னு கேட்டேன். அது வேலையா மேடம், அது எங்கப்பா கடையாச்சேன்னா.

எட்டு வருஷம்ணே. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி நாப்பது சட்டை, வந்து நாப்பது. அது அவளுக்கு வேலையாத் தெரியல. ஏன்னா யாரும் அதை வேலைன்னு சொன்னதில்ல. இந்தப் பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். ஒருத்தன் படுத்த படுக்கையா கெடந்த தாத்தாவை அஞ்சு வருஷம் பாத்திருக்கான், ஊசி போடுவான், புண்ணுக்குக் கட்டு மாத்துவான். அனுபவம்ங்கிற கட்டத்துல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தான். வசதியான வீட்டுப் பிள்ளை ரெண்டு வாரம் சித்தப்பா ஆபீஸ்ல ஏசியில உக்காந்துட்டு வந்து ஒரு பக்கம் எழுதும்.

நான்தான் எழுத வெச்சேன். மாட்டேன் மாட்டேன்னு நின்னா. உங்க கடைப் பேரு, தெரு, எட்டு வருஷம், எல்லாம் எழுதுன்னேன். துணிப் பரிசோதனைக் கூடத்துல வேலை. எந்தத் துணி எவ்வளவு சூடு தாங்கும், எப்போ சுருங்கும், எப்போ சாயம் போகும்னு சோதிக்கிற எடம். ரசாயனம் படிச்ச பிள்ளைங்க அம்பது பேர் எழுதிப்போட்டிருப்பாங்க. இஸ்திரிப் பெட்டியில தண்ணியத் தெளிச்சு, வர்ற சத்தத்தை வெச்சே சூடு சொல்ற பிள்ளை எத்தனை இருக்கும்?

அதுலதான் நான் கோட்டை விட்டேன். அதையும் சொல்லிடறேன். பெரிய கம்பெனின்னா எழுதுனது நெசமான்னு விசாரிக்க ஆள் அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் யோசிக்கல. அவ என்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா, எங்கப்பாவுக்கு இனிமே நான் எங்க வேலைக்குப் போறேன்னு தெரியக் கூடாதுன்னு. நான் அவளோட எட்டு வருஷத்தைக் காப்பாத்துற ஆர்வத்துல அவளை நேரா உங்க கடை வாசல்ல கொண்டுபோய் விட்டுட்டேன். அந்த ஆள் பையும் பேனாவுமா உங்ககிட்ட வந்து நின்னான். அப்படித்தானே? இன்டர்வியூ தேதி, எடம், நேரம் எல்லாத்தையும் ஒண்ணுக்கு மூணு தடவை கேட்டு வாங்கிக்கிட்டீங்க.

தெரியும்ணே. அவன் எழுதிக் குடுத்த ரிப்போர்ட்டு எனக்கும் ஒரு பிரதி வரும். அதுல இன்னொண்ணும் எழுதியிருந்தான். கடைக்காரரை விசாரித்தேன், எட்டு வருஷம் வேலை செய்தது உண்மை என்றார், அவள் கை மாதிரி இன்னொரு கை வராது என்றார்னு. கேட்ட உடனே சொல்லிட்டீங்க போல. அப்புறந்தான் யார் எதுக்குக் கேக்குறாங்கன்னு உங்களுக்கு உறைச்சிருக்கு.

அதை அவகிட்ட சொன்னீங்களா எப்பவாவது?

ம்.

டீ வருது, குடிங்க. சர்க்கரை போடலாமில்ல?

சரி, இப்ப எதுக்கு வந்திருக்கீங்க, அதைச் சொல்லுங்க. ஒரு வார்த்தை பேசணும், அவ்வளவுதானா? பேக்கரிக்கும் ஒரு வார்த்தை பேசத்தானே போனீங்க? கூட்டமா இருக்குற நேரம், கல்லாவுக்கு முன்னாடி நின்னு, பெத்தவனை அநாதையா விட்டுட்டு ஓடிவந்தவளுக்கா வேலை குடுத்திருக்கீங்கன்னு கத்துனீங்க. அந்த முதலாளி என்ன பண்ணுவான், எங்களுக்கு எதுக்கும்மா வம்புன்னு அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிட்டான். மருந்துக் கடையில அதுவும் இல்ல. சும்மா எதிர்த்தாப்புல மூணு நாள் நின்னீங்க. அவளே வேலையை விட்டுட்டா. இன்னைக்கு மேல போய் அதையே நாலு அதிகாரிங்க முன்னாடி சொல்லணும். ரெண்டு மணிக்கு அவ உள்ள வர்றப்போ நீங்க அங்க உக்காந்திருக்கணும். அதானே? என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க.

கையெல்லாம் தட்டாதீங்க, மேஜை பழசு.

பெத்தவன் உரிமைன்னா, இருங்க. உங்ககிட்ட ஒண்ணு காட்டுறேன். இந்த ஃபைல் அவளோடது. இந்தக் காகிதம் யார் கையெழுத்துன்னு பாருங்க. கண்ணாடி வேணுமா? நானே படிக்கிறேன். என் பேச்சைக் கேக்காமல் போன இவளுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, படிப்பு, சாப்பாடு, துணிமணி எதற்கும் நான் பொறுப்பல்ல. கீழ கையெழுத்து. அதுக்கும் கீழ கடை சீலு. இஸ்திரிக் கடை சீலு குத்தி மகளைத் தலைமுழுகுன ஆளை இப்பத்தான் பாக்குறேன்.

கோவத்துல எழுதுனது, எனக்குத் தெரியாதா? ரெண்டாம் வருஷம் படிச்சுக்கிட்டிருந்தா. கடை ஆள் நின்னுட்டான், உங்களுக்குத் தோள்பட்டை தூக்க முடியல, படிச்சது போதும்னு நிறுத்தப் பாத்தீங்க. அவ ஒரு பையோட கிளம்பி வந்துட்டா. இங்க வந்தா, பெத்தவங்க ஆதரவு இல்லைங்கிறதுக்கு பெத்தவங்ககிட்டயே எழுதி வாங்கிட்டு வான்னு சொல்றாங்க. எந்தப் புண்ணியவான் அந்த விதியைப் போட்டானோ. அடிக்கிறவன்கிட்டயே போய் அடிச்சதுக்கு ரசீது வாங்கிட்டு வர்ற கதை. கடைக்கு வந்து ஒரு மணி நேரம் நின்னாளாமே, நீங்க நிமுந்து பாக்கலையாமே. அப்புறம் கோவத்துல எழுதித் தூக்கிப் போட்டீங்க. அவ குனிஞ்சு எடுத்துக்கிட்டு வந்தா.

அந்த ஒரு காகிதத்தை வெச்சுத்தான் இந்த மூணு வருஷம் சோறு தின்னா. விடுதியில எடம், படிப்புச் செலவு, எல்லாம் அதுலதான் வந்துச்சு. அவளுக்கு நீங்க பண்ணதுலயே பெரிய உதவி அதுதான். அதுல கையெழுத்துப் போட்டுட்டு இப்ப உரிமைன்னு வந்து நின்னா, நான் எந்தக் கையெழுத்தை நம்புறது?

அழாதீங்கண்ணே. நான் உங்களைத் திட்டணும்னு உக்காரல. தனியா இருக்கீங்க, உங்க வீட்டுக்காரம்மா தவறிப்போனதுலருந்து ஆக்கித் தர ஆள் இல்ல, கையும் வரல, எல்லாம் எனக்குப் புரியுது. கொடுமைக்காரர்னு நான் சொல்லல. அவளும் சொன்னதில்ல, ஒரு நாளும். அப்பா நல்லவர்தான் மேடம், எனக்கு மட்டும்தான் ஆகாதுன்னா. ஆனா உங்க தோள்பட்டைக்கு மருந்து அவ இல்ல. டாக்டரைப் பாருங்க. கடைக்கு ஆள் போடுங்க. அவளை அந்தப் பெட்டிக்கு முன்னாடி கொண்டுபோய் நிறுத்துனா உங்க கை சரியாயிடுமா?

என்ன தைரியத்துல பேசுறேன்னா... தெரியல. வயசாயிருச்சு. காலேஜ் மேலதிகாரிங்க ரெண்டு தடவை நோட்டீஸ் குடுத்துட்டாங்க. குடும்ப விஷயத்துல தலையிடுறேனாம். தலையிடாம எப்படிங்க இந்த வேலையைப் பாக்குறது? மத்த பிள்ளைங்களுக்கு மொத்தக் குடும்பமும்தானே தலையிட்டு வேலை வாங்கிக் குடுக்குது, அதை யாராவது கேட்டாங்களா? சித்தப்பா போன் போட்டா அது பழக்கம், நான் போன் போட்டா அது விதிமீறல். குடுக்கட்டும். மூணாவது நோட்டீசையும் அதே ஃபைல்ல வெச்சுக்குவேன்.

உக்காருங்கண்ணே, எங்க எந்திரிக்கிறீங்க? படிக்கட்டுக்கா? சொன்னேன்ல, இப்ப உங்களை உள்ள விடமாட்டாங்கன்னு. ரெண்டு மணிக்குத்தானே. டீ ஆறுது பாருங்க.

கொஞ்சம் இருங்க, போன்.

சொல்லும்மா... ம்... ம்... யாரு கேட்டாங்க, அந்தக் கண்ணாடி போட்டவங்களா? நீ என்ன சொன்ன?... அடிப்பாவி, அப்படியேவா சொன்ன?... சரி, சரி... ஆர்டரைக் கையிலயே குடுத்துட்டாங்களா? படிச்சுப் பாத்தியா, பேரெல்லாம் சரியா இருக்கா?... ஆமா, இங்கதான் இருக்கார்... இல்ல, சத்தமெல்லாம் போடல. டீ குடிக்கிறார்... அது உன் இஷ்டம்டி. நான் வான்னும் சொல்லமாட்டேன், வராதன்னும் சொல்லமாட்டேன்... சரி. அப்ப பின் பக்கமாவே போயிடு. கோட்டை அப்புறம் குடுத்தனுப்பு, அவசரமில்ல. சாப்பிட்டுட்டுப் போ.

ஆமாண்ணே, அவதான்.

ரிப்போர்ட்டு வந்த அன்னைக்கே நான் கம்பெனிக்குப் போன் பண்ணிட்டேன். ரெண்டு மணியைப் பத்தாக்கிக் குடுங்க, ஒரு காரணம் இருக்குன்னு. என்ன காரணம்னு கேட்டாங்க, பொண்ணோட பெரியப்பா பேசுறேன், வீட்டுல ஒரு விசேஷம்னேன். நீங்க இந்த நாற்காலியில உக்காரும்போதே அவ மேல உக்காந்து அரை மணி நேரம் ஆச்சு. உங்களை இங்க பிடிச்சு வெக்கிறதுக்குத்தான் நான் இவ்வளவு பேசுனேன், இல்லாட்டி எனக்கு இவ்வளவு பேச்சு வராது.

கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை சேரணும். எந்த ஊருன்னு கேக்காதீங்க, எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

ரெண்டு மணி வரைக்கும் இருக்கணும்னா இருங்க. ஃபேனைக் கூட்டி வெக்கிறேன்.