பாட்டிலில் அறுபது மில்லி

பிள்ளைகளே, நேற்றுக் காலை மார்சிலிங் நிலையத்தில் ஏறிய ரயிலில் நான் கேட்டதை உங்களுக்காக எழுதுகிறேன். எதிரே ஒரு கணவனும் மனைவியும். மனைவிக்கு மார்பில் அறுவை சிகிச்சை நடந்து பத்து நாள் என்று பேச்சிலிருந்து புரிந்தது. காயத்து நீர் வடிய வைத்த டியூபின் பாட்டில், துணிப்பைக்குள் இருந்தது. கணவர் அதை எட்டிப் பார்த்தார்.

"நேத்து இருபத்தஞ்சு மில்லி, இன்னைக்கு அறுபது. எப்படி ஏறுச்சு?"

"தெரியலங்க."

"மூங்கில் கம்பத் தூக்கி ஜன்னலுக்கு வெளிய துணி காயப்போட்டியா?"

"உங்க யூனிஃபார்ம்தான். நாறுச்சு லா."

"நாறட்டும்! கையத் தூக்காதீங்கன்னு நர்ஸ் சொன்னாங்கல்ல? இவ்வளவு வடிஞ்சா இன்னைக்கு ஆஸ்பத்திரில டியூப எடுக்க மாட்டாங்க, போ."

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "எடுத்தாத்தானே பாப்பாவத் தூக்க முடியும்?"

கணவரின் குரல் இறங்கியது. "தூக்குவ. இனிமே துணி என் வேலை. தினமும் நான்தானே தையலப் பாக்குறேன்? நல்லா ஒட்டிருக்கு, சிவப்பே இல்ல."

"மெதுவா. எல்லாருக்கும் கேக்குது."

"கேக்கட்டும். என் பொண்டாட்டி தைரியம் ஊருக்கே தெரியட்டும்."

அவர்கள் இறங்கிப் போனார்கள். வேலை முடிந்ததும் நான் தனியாக மாதா கோவிலுக்குப் போய் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பெயர் தெரியாததால், "பாப்பாவைத் தூக்கக் காத்திருக்கும் அந்தத் தங்கச்சி" என்று சொல்லியே வேண்டிக்கொண்டேன்.